கல்வெட்டர் எழுதின முதல் கதை

யாழ்ப்பாணத்திலை கெட்ட மனிசர் எண்டு ஒருத்தரும் இண்டைவரைக்கும் செத்ததில்லை. செத்தவை எல்லாரும் கொடைவள்ளல்கள், சிரித்த முகத்தினர், எறும்புக்கும் தீங்கு நினையாத உத்தமர்கள். நம்பிக்கை இல்லாட்டி உங்கடை வீட்டு அலுமாரியைத் திறந்து பழைய கல்வெட்டுகளை எடுத்துப் பாருங்கோ. அதிலை அரைவாசிக்கு மேலை ஒரே ஆள் எழுதினது. அந்த ஆளைத்தான் நாங்கள் கல்வெட்டர் எண்டு கூப்பிட்டனாங்கள்.

வெளியூர் ஆக்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிப்போட்டுப் போறன். எங்கடை பக்கத்திலை ஒருத்தர் மோசம் போனா, அதாவது செத்துப்போனா, முப்பத்தோராம் நாள் ஒரு சின்னப் புத்தகம் அடிச்சு, சாப்பிட வந்த சனத்துக்குக் குடுக்கிறது வழக்கம். அதுதான் கல்வெட்டு. முன்னுக்குப் படம், உள்ளுக்கு வாழ்க்கை வரலாறு, அதுக்குப் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எண்டு வரிசையாய் விருத்தம் வரும். உயிரோடை இருக்கேக்கை மாமிக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுக்காத மருமகளும் அதிலை எட்டு வரி புலம்புவா. அந்த எட்டு வரியையும் எழுதிக் குடுக்கிறது கல்வெட்டர். கொடிகாமத்திலை ஒரு அச்சகத்திலை கணினியிலை எழுத்தடிக்கிறதும் மெய்ப்புப் பாக்கிறதும்தான் அவரின்ரை உத்தியோகம். புலம்பல் உபதொழில்.

நான் அவரைச் சந்திச்சது வகுப்பிலை. டவுனிலை ஒரு கல்லூரியிலை படைப்பெழுத்து எண்டு ஒரு வருசக் கற்கைநெறி துவங்கினவை, சனியும் ஞாயிறும் வகுப்பு. நான் அப்ப பட்டப்படிப்பை முடிச்சுப்போட்டு வீட்டிலை குந்திக்கொண்டிருந்து, ஆருக்கும் காட்டாமல் கொப்பியிலை கதை எழுதிற ஆள். அப்பா வாசலிலை நிண்டு தீர்ப்புச் சொன்னார்.

“ஒரு வருசம் தாறன் பிள்ளை. எழுத்து வந்தா எழுது. வராட்டி வாயை மூடிக்கொண்டு வங்கிச் சோதினைக்குப் படிக்கவேணும். சரியோ?”

“ஓம்” எண்டன். வேறை என்னத்தைச் சொல்லிறது?

முதல் நாள் வகுப்பிலை பதினாலு பேர். பதின்மூண்டு பேரும் இருபத்திரண்டு, இருபத்திமூண்டு வயசுக்காரர். பதினாலாவது ஆள் ஐம்பதைத் தொட்டுக்கொண்டு, வெள்ளை அரைக்கைச் சேட்டு, பொக்கற்றிலை சிவப்புப் பேனை, கையிலை மெய்ப்புத் தாள் பிதுங்கிற பை, தலையிலை கழட்ட மறந்த கெல்மெற். எங்களுக்குப் படிப்பிச்ச மிஸ்ஸுக்கு என்னிலும் பாக்க ஏழெட்டு வயசுதான் கூட. ஒவ்வொருத்தரும் ஏன் வந்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ எண்டா. நாங்கள் எல்லாரும் கலை, தேடல், ஆன்மா எண்டு அளந்தம். கல்வெட்டர் எழும்பி, கெல்மெற்றைக் கழட்டி நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு சொன்னார்:

“ஒருக்காவெண்டாலும் மனிசரை உயிரோடை எழுதிப் பாக்கவேணும் எண்டு ஆசை மிஸ்.”

நாங்கள் சிரிச்சம். அந்தாள் சிரிக்கேல்லை.

அவர் கொண்டந்த முதல் கதை ஒரு கள்ளனைப் பற்றியது. அதை அவர் வாசிச்ச விதத்தை நான் சாகுமட்டும் மறவன். “அன்னார் களவுத் தொழிலில் ஈடுபட்டிருந்தபோதும் காலந்தவறாமையைக் கண்ணெனப் போற்றியவர். தான் நுழைந்த எந்த வீட்டிலும் உறங்குவோரை எழுப்பி அறியாதவர்.” மூண்டாம் பக்கத்திலை வீட்டுக்காரன் முழிச்சு, கள்ளனைக் கண்டு, “வந்தனீங்கள் ஒண்டும் சாப்பிடாமல் போறீங்களே” எண்டு கவலைப்படுறான். நாலாம் பக்கத்திலை கள்ளன் இறைவனடி சேந்திட்டார்.

மிஸ் தாளை வாங்கித் திரும்ப ஒருக்காப் புரட்டிப் பாத்தா. “அண்ணை, கள்ளனுக்கு ஒரு கெட்ட குணமெண்டாலும் வேண்டாமோ?”

“இருக்கும் மிஸ். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தாளுக்கும் பிள்ளை குட்டி இருக்குமெல்லே? வாசிச்சா அதுகளுக்கு மனம் நோகாதே?”

“அண்ணை, உவன் நீங்கள் கற்பனை பண்ணின கள்ளன்!”

“கற்பனையெண்டாலும் பெத்த பிள்ளையள் பிள்ளையள்தானே மிஸ்.”

இதுதான் அவரின்ரை வியாதி. இருபத்தைஞ்சு வருசமாய்ச் செத்தவையைப் பற்றி நல்லது மட்டும் எழுதி எழுதி, மனிசரிலை குறை காணுற நரம்பு அந்தாளுக்குச் செத்துப்போச்சு. எங்கடை வகுப்பிலை ஒரு சட்டம் இருந்தது. ஆர் கதை வாசிச்சாலும் மற்றவை ஒவ்வொருத்தரும் ஒரு நல்லதும் ஒரு குறையும் சொல்லவேணும். நல்லதெண்டா கல்வெட்டர் ஒரு பாட்டம் பொழிவார். குறையெண்டு வந்தா வேர்த்து விறுவிறுத்துப் போவார். ஒரு பெடியன் முக்கால் மணித்தியாலம் வாசிச்ச ஒரு கதை, பாதி வகுப்பு மேசையிலை தலையை வைச்சிட்டுது. கல்வெட்டரின்ரை முறை வந்தது. சிவப்புப் பேனையை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியிலை சொன்னார்: “குறையெண்டா... இன்னும் ஒரு பத்துப் பக்கம் எழுதியிருக்கலாம்.” அந்தப் பெடியன் அடுத்த கிழமை உண்மையிலேயே எழுதிக்கொண்டு வந்தான். நாங்கள் கல்வெட்டரைத் திட்டாத திட்டில்லை.

மிஸ்ஸின்ரை பிறந்தநாளுக்கு எங்கடை வாட்ஸ்அப் குழுவிலை எல்லாரும் கேக் படம் போட்டினம். கல்வெட்டர் ஒரு நீட்டு வாழ்த்து எழுதினார்: “அன்பின் உறைவிடமாய், அறிவின் சிகரமாய் எம்மிடையே வாழ்ந்தவர்...” மிஸ்ஸின்ரை அம்மா அதைத் தற்செயலாய்ப் பாத்திட்டு மகளுக்கு ரெலிபோன் எடுத்து, “எங்கை நிக்கிறாய், சுகமாய் இருக்கிறியோ?” எண்டு கேட்டவவாம். அடுத்த வகுப்பிலை மிஸ் கும்பிட்டுக் கேட்டா, “அண்ணை, தயவுசெய்து எனக்கு வாழ்த்து எழுதாதேங்கோ.” “ஒரு குறையும் வராது மிஸ்” எண்டார் இவர். எதுக்கெடுத்தாலும் அவருக்கு அதுதான் பதில். ஒரு குறையும் வராது.

என்ரை பவிசும் அப்ப ஒண்டும் பெரிசில்லை. மருதனார்மடம் சந்தியைத் தாண்டினா வழி தெரியாத நான், பிரான்சிலை பனி கொட்டுற ஒரு தெருவிலை ஒருத்தி தனியாய் நடக்கிறாள் எண்டு கதை எழுதிக்கொண்டு போனன். மிஸ் கேட்டா, “நீங்கள் பனியைப் பாத்திருக்கிறீங்களோ?”

“பிறிட்ஜுக்குள்ளை பாத்திருக்கிறன் மிஸ்.”

“உங்கடை வீட்டு யன்னலைத் திறந்தா என்ன தெரியும்?”

“வேலி.”

“அப்ப அதை எழுதுங்கோ.”

அந்த வேலி சாதாரண வேலியில்லை. அந்தப் பக்கம் பெரியப்பா வீடு, அப்பாவின்ரை கூடப்பிறந்த அண்ணை. ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஊர்க்காணி முழுக்க அளந்து நீதி சொன்ன மனிசன், சொந்தத் தம்பியின்ரை காணியிலை மட்டும் கணக்குப் பிசகுவார். வருசா வருசம் வேலியடைக்கிற காலத்திலை, வேலிக்கு ஊண்டின பழைய கதியால் தடி பட்டுப்போச்சு எண்டு சொல்லிப் புதுசை எங்கடை பக்கம் ஒரு சாண் தள்ளி நடுவார். அப்பா ஒருநாள் கேட்டார், வாய்த்தர்க்கம் வந்தது, அண்டைக்கு நிண்ட கதைபேச்சு ஆறு வருசமாய் நிண்டது.

நான் அதை எழுதினன். பேரை மட்டும் மாத்திப்போட்டு, பெரியப்பாவின்ரை கறுப்புக் குடை, தொண்டையைச் செருமுற செருமல், குழி கிண்டிற அலவாங்கை ஊண்டிக்கொண்டு நிக்கிற நிலை எல்லாத்தையும் அப்படியே இறக்கினன். “அவர் தம்பியின் முகத்தைப் பார்த்து ஆறு வருடம். தம்பியின் நிலத்தைப் பார்க்காமல் ஒருநாளும் இருந்ததில்லை” எண்டு ஒரு வசனம் விழுந்தது. எழுதி முடிச்சிட்டு அதைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். என்னாலை இப்பிடியும் எழுத ஏலும் எண்டு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கடைசியிலை அந்த மனிசனை வேலியடியிலேயே சாக்காட்டிப்போட்டன். கதைக்கு முடிவு வேணுமெல்லே.

வகுப்பு அசந்துபோச்சு. மிஸ், “இதுதான் உங்கடை முதல் கதை, மற்றதுகளை எரியுங்கோ” எண்டா. கல்வெட்டர் மட்டும் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, “பாவம் பிள்ளை அந்த மனிசன்” எண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வேலியைத் தள்ளினவனுக்கு அழுற ஒரே வாசகன்!

வருச முடிவிலை எங்கடை கதையளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட முடிவாச்சு. கல்வெட்டரின்ரை அச்சகத்திலைதான் வேலை. என்ரை கதை கடைசி. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் புத்தகம் வாசிக்கிற சாதியில்லை எண்ட துணிவிலை நானும் பேசாமல் இருந்தன். இந்த நேரத்திலைதான் அக்காவுக்குக் கலியாணம் பொருந்தினது. அண்ணை வந்து நிக்காமல் மகளின்ரை தாலி ஏறக்கூடாது எண்டு அப்பா மனமிரங்கி, தட்டிலை வெத்திலை பாக்கு வைச்சுக்கொண்டு பெரியப்பா வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனார். பெரியப்பாவும் தொண்டையைச் செருமி, “சரி, வாறன்” எண்டிட்டார். அம்மா அண்டைக்கு ஆஞ்சநேயர் கோயிலிலை வடைமாலை சாத்தினவ.

நாலு நாள் கழிச்சு எங்கடை புத்தக வெளியீட்டு அழைப்பிதழ் என்ரை கைக்கு வந்தது. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் ஒழுங்காய் இருந்தது. அதுக்குக் கீழை, “முதற்பிரதி பெறுபவர்: ஓய்வுபெற்ற நில அளவையாளர்” எண்டு போட்டு, பக்கத்திலை பெரியப்பாவின்ரை பேர்.

ஊரிலை புத்தகம் வெளியிடுற எல்லாரும் முதற்பிரதிக்குப் பெரியப்பாவைத்தான் கூப்பிடுறவை எண்டது உண்மை. ஆனா எங்கடை புத்தகத்துக்கு ஆர் கூப்பிட்டது? அரியாலைப் பஸ்ஸுக்குள்ளை நிண்டு மிஸ்ஸுக்கு ரெலிபோன் எடுத்தன். “கல்வெட்டர் அண்ணைதான் ஆளை ஒழுங்குபண்ணினவர். நல்ல மனிசன் எண்டு சொன்னவர்” எண்டா. ஓமோம், அவருக்கு ஆர்தான் கெட்ட மனிசன்?

அப்படியே பஸ் மாறிக் கொடிகாமம் போனன். அச்சகத்திலை மெஷின் கத்திக்கொண்டு நிக்குது. கல்வெட்டர் ஒரு மருமக்கள் புலம்பலிலை மூழ்கியிருந்தார்.

“அண்ணை, முதற்பிரதி வாங்கிறவர் என்ரை பெரியப்பா!”

“அப்பிடியே? நல்ல சந்தோசம் பிள்ளை.”

“அந்தக் கதையிலை வேலியைத் தள்ளிறவரும் அவர்தான்!”

சிவப்புப் பேனை கீழை விழுந்தது.

“அவர் அதை வாசிச்சா அக்காவின்ரை கலியாணத்துக்கு வரமாட்டார் அண்ணை. அவர் வராட்டி அப்பா உடைஞ்சுபோடுவார். அதோடை என்ரை எழுத்துக்கும் முப்பத்தோராம் நாள்தான். கதையை எடுத்துப் போடுங்கோ.”

“எப்பிடி எடுக்கிறது? முன்பக்கம் எல்லாம் அடிச்சாச்சு. பொருளடக்கத்திலை உம்மடை பேர் கிடக்கு. உம்மடை கதை வாற கடைசிப் படிவம் மட்டும்தான் அடிக்கப் பாக்கி. எடுத்தா அவ்வளவும் வெறும் பக்கமாய்ப் போம்.” என்ரை முகத்தைப் பாத்தார். நான் அழத் துவங்கியிருந்தன். “யோசியாதையும் பிள்ளை. வீட்டை போம். ஒரு குறையும் வராது.”

ஒரு குறையும் வராதாம்! கதை முழுக்கக் குறைதானே. வெளியீட்டுக்குக் கிடந்த மூண்டு நாளும் நான் ஒழுங்காய்ச் சோறு தண்ணி எடுக்கேல்லை. பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வரவேணும் எண்டு கூட நேர்ந்தன், அவ்வளவு பெரிய காய்ச்சல் வேண்டாம், ஒரு சின்னக் காய்ச்சல்.

காய்ச்சல் வரேல்லை. வெளியீட்டண்டு பெரியப்பா கறுப்புக் குடையோடை முன்வரிசையிலை, அவருக்கு இரண்டு கதிரை தள்ளி அப்பாவும் அம்மாவும். புத்தகத்தை மேடையிலை வைச்சுத்தான் கட்டு அவிழ்த்தினம். அதாலை நானும் உள்ளுக்குப் பாக்கேல்லை. முதற்பிரதியை வாங்கிக்கொண்டு பெரியப்பா மைக்குக்குப் போனார். கண்ணாடியைப் போட்டார். “இதிலை என்ரை தம்பியின்ரை மகளும் ஒரு கதை எழுதியிருக்கிறாள்” எண்டு கடைசிப் பக்கங்களைப் பிரட்டினார். “அதிலை கொஞ்சம் வாசிக்கிறன்.”

நான் கதவைப் பாத்தன். ஓடலாமோ எண்டு யோசிச்சன்.

“அன்னார் நில அளவையாளராய்ப் பணிபுரிந்தவர்” எண்டு பெரியப்பா துவங்கினார். அன்னாரோ? நான் அன்னார் எண்டு எழுதேல்லையே! “தன் காணி, தம்பி காணி என்ற பேதம் ஒருநாளும் பாராதவர். தம்பியின் நிலத்தையும் தன் நிலம்போலவே நேசித்தவர்.” அந்த வசனத்திலை பெரியப்பா நிண்டார். திரும்ப ஒருக்கா மெல்ல வாசிச்சார். “ஆறு ஆண்டுகள் தம்பியோடு பேசாதிருந்தும், வேலியருகே நின்று அவன் குடும்பத்தின் சுகதுக்கத்தைக் கவனியாத நாளில்லை.” தொண்டையைச் செருமினார். “வேலியைப் பழைய இடத்தில் நட்டுவிட வேண்டும் என்ற பேராவலோடு அலவாங்கைக் கையில் எடுத்த அன்று காலை, அது நிறைவேறுமுன், அன்னார் இறைவனடி சேர்ந்தார்.”

கடைசி வரியைப் பழக்கதோசத்திலை கல்வெட்டர் போட்டிருந்தார். பெரியப்பாவும் வாசிச்சார்: “ஓம் சாந்தி! ஓம் சாந்தி! ஓம் சாந்தி!”

அதைக் கேட்டதும் சபையும் பழக்கதோசத்திலை எழும்பி நிண்டிட்டுது. முன்வரிசை எழும்ப, பின்வரிசையும் எழும்பி, தலையைக் குனிஞ்சு, ஒரு நிமிசம் மூச்சுப் பேச்சில்லை. உயிரோடை மேடையிலை நிக்கிற மனிசனுக்கு முழு மண்டபமும் மௌன அஞ்சலி செலுத்தினது. பெரியப்பா கண்ணாடியைக் கழட்டினார். சனத்தைப் பாத்தார். குனிஞ்சு நிண்ட அப்பாவைப் பாத்தார். பிறகு இறங்கி வந்து, அந்த இரண்டு கதிரையையும் தாண்டி, அப்பாவுக்குப் பக்கத்திலை இருந்தார்.

எனக்கு நெஞ்சிலை கிடந்த கல்லு இறங்கினது. அது இறங்கின பிறகுதான் கோவம் ஏறினது. என்ரை கதை! என்ரை ஒரேயொரு நல்ல கதை! மண்டபத்துக்கு வெளியிலை கல்வெட்டரைப் பிடிச்சன். எனக்கு முந்தி மிஸ் பிடிச்சிருந்தா.

“ஆர் இதை மாத்தினது?”

“நான்தான் மிஸ்.” கெல்மெற்றை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு குற்றவாளி மாதிரி நிண்டார்.

“அந்த மனிசன் வேலியைத் திருப்பி நட நினைச்சவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நானாய் நினைச்சு எழுதினது.”

மிஸ் கையிலை இருந்த புத்தகத்தைத் திரும்ப விரிச்சுப் பாத்தா. பிறகு சிரிக்கத் துவங்கினவ, நிப்பாட்ட முடியேல்லை. “அண்ணை, ஒரு வருசமாய் உங்களிட்டை நான் கேட்டது இதைத்தானே! நீங்கள் உயிரோடை இருக்கிற ஒரு ஆளை எழுதிப்போட்டீங்கள், இதுதான் உங்கடை முதல் கதை.” என்ரை பக்கம் திரும்பினா. “உங்கடை கதை கையெழுத்துப் பிரதியாய் என்னட்டைக் கிடக்கு. புள்ளி அதுக்குத்தான். பயப்பிடாதேங்கோ, நீங்கள் பாஸ்.”

மிஸ் போனாப் பிறகு கல்வெட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கோவியாதையும் பிள்ளை. உம்மடை கதை அருமையான கதை. ஒரேயொரு குறை. அந்தாளைச் சாக்காட்டினீர், சரி. சாக முந்தி ஒரு ஆசையை வைச்சுச் சாக்காட்டியிருக்கலாமெல்லே?”

ஒரு வருசத்திலை அவர் வாயாலை வந்த முதல் குறை அது. அதுவும் என்ரை கதையிலை! இண்டைக்கும் நான் ஒரு கதையை எழுதிப்போட்டு முதலிலை பாக்கிறது அதைத்தான்.

பிறகு பைக்குள்ளை கையை விட்டு, மெய்ப்புத் தாளுகளுக்குக் கீழையிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். அதே அட்டை, அதே பக்கம். கடைசியிலை என்ரை கதை, நான் எழுதினபடி, ஒரு எழுத்து மாறாமல். “முதல்லை உம்மடையைத்தான் அடிச்சனான். ஒரு பிரதி. மற்றதெல்லாம் ஊருக்கு, இது உமக்கு.”

அடுத்த கிழமை விடிய வெளியிலை சத்தம் கேட்டு யன்னலைத் திறந்தன். பெரியப்பா அலவாங்கும் அளக்கிற நாடாவுமாய் நிக்கிறார், மற்ற முனையைப் பிடிச்சுக்கொண்டு அப்பா நிக்கிறார். “இழுத்துப் பிடியடா, தொய்யவிடாதை” எண்டு பெரியப்பா ஏசுறார். வேலி பழைய இடத்துக்குப் போச்சு. ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம்கூடப் பிசகேல்லை. அக்காவின்ரை கலியாணத்துக்கு முதல் ஆளாய் வந்து பந்தல் காலைத் தட்டிப் பாத்ததும் அவர்தான். என்னை ஒருநாள் தனியாய்க் கூப்பிட்டு, “பிள்ளை, நல்லா எழுதியிருந்தனி. ஆனா கொஞ்சம் வெள்ளெனச் சாக்காட்டிப்போட்டாய்” எண்டார். நான் வேலியைப் பாத்துக்கொண்டு தலையாட்டினன். அப்பா வங்கிச் சோதினைப் பேச்சைப் பிறகு எடுக்கேல்லை. நான் பத்திரிகைக்கு வந்தன்.

போன மாசம் கொடிகாமத்திலை இறங்கி அச்சகத்துக்குப் போனன். கல்வெட்டர் அப்பிடியே இருக்கிறார், தலைமயிர் மட்டும் வெளுத்துப்போச்சு. தேத்தண்ணி வாங்கித் தந்துபோட்டுச் சொன்னார்: “பிள்ளை, ஊருக்கெல்லாம் நான் எழுதிறன். நான் போனா என்ரை கல்வெட்டை நீர்தான் எழுதவேணும். புளுகாதையும். ஒரு குறையெண்டாலும் போடும். அப்பத்தான் இப்பிடி ஒருத்தன் இருந்தவன் எண்டு சனம் நம்பும்.”

“ஓம் அண்ணை” எண்டு சொல்லிப்போட்டு வந்தன். இந்தக் கிழமை முழுக்க இருந்து, அவரைப் பற்றின எல்லாத்தையும் ஞாபகப்படுத்தி எழுதிப் பாத்தன், அந்த ஒரு குறை எங்கையெண்டாலும் தட்டுப்படுதோ எண்டு. நீங்களும் வாசிச்சனீங்கள்தானே.

ஒரு குறையும் வரேல்லை அண்ணை. கண்டுபிடிக்க எனக்கு இன்னும் கனகாலம் வேணும், நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலாய் இருங்கோ.